கோடை விடுமுறையும் சிறுவர் உடல்நலமும்

மேட்டூர் அணை பாசனத்திற்காக ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவதும் ஜனவரி 28-ஆம் நாள் மூடப்படுவதும் நெடுநாளைய வழக்கமாகும். நீர்வரத்தைப் பொறுத்து அந்நாட்கள் முந்துவதும் பிந்துவதும் உண்டு. ஆதலின் சித்திரைத் திங்களில் தஞ்சைத் தரணிக்குச் செல்வோர் பெரும்பாலும் காவிரியின் நீரைக் காண்பதில்லை. அதன் மணலையே காண்பர். சம்பா நெல் அறுவடைக்கு ஏழெட்டு நாட்கள் இருக்கும்பொழுதே வயலில் தெளிக்கப்பட்ட உளுந்தும் பயறும், எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டு விளைந்து, வீடு வந்து சேர்ந்திருக்கும். நிலத்திற்கு ஓய்வு, உழவருக்கும் ஓரளவு ஓய்வு, பள்ளிப் பிள்ளைகளுக்கோ முழு ஓய்வு. இந்நீண்ட ஓய்வு பிள்ளைகளின் உடலை எவ்வாறு பாதிக்கிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முற்காலத்தில் இவ்வினா எழவில்லை. விடுமுறை வந்தால் சிறுவர்கள் ஆற்று மணலிற் கூடிச் சடுகுடு ஆடினர். கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் களத்துமேட்டை நிறைத்தன. சிறுமியர் பாண்டி ஆடினர். ஆடு மாடுகளை ஓட்டிச் சென்று பொழுது சாயத் திரும்பிய பிள்ளைகளும் பலர். எனினும், அக்காலச் சிறுவர் யாவரும் நலமே வாழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. ஊருக்கெல்லாம் சோறு அளித்த வயல்களில் உழைத்தவர்தம் பிள்ளைகளே ஒட்டிய வயிற்றோடு பள்ளிக்கு வந்தனர். பலர் வராமலும் இருந்தனர். அன்று எடையைப் பற்றி எழுந்த கவலையெல்லாம் அது குறைந்திருக்கிறதே என்பதுதான்.

அக்குறையைப் போக்கும் முயற்சிகள் பல நடைபெற்றன. காமராசர் முதலமைச்சராக இருந்தபொழுது 1956-ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில், எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில் ஆகும். காவிரிப் படுகையிலேயே இவற்றுள் இரண்டு நிகழ்ந்தமை பொருத்தமே.

இன்று நிலை மாறியுள்ளது. மெலிந்த பிள்ளையும் மிகையாகப் பருத்த பிள்ளையும் ஒரே வகுப்பில், சில வேளைகளில் ஒரே பலகையில் அமர்ந்து பாடம் கேட்கின்றனர். இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய செய்தியன்று. 5 முதல் 19 வயது வரை உள்ளோருள் 39 கோடிக்கு மேற்பட்டோர் 2022-ஆம் ஆண்டில் மிகை எடை உடையோராய் இருந்தனர் என்றும், அதே ஆண்டில் 19 கோடிப் பேர் மெலிந்திருந்தனர் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு கணக்கிட்டுள்ளது. மிகை எடை உடையோர் 1990-இல் நூற்றுக்கு எட்டுப் பேராக இருந்தனர். 2022-இல் நூற்றுக்கு இருபது பேராயினர்.

மிகை எடைக்குப் பள்ளியில் அசையாது அமர்ந்திருப்பதே காரணம் என்று பலர் கருதுவர். அமெரிக்க நாட்டில் நடைபெற்று 2007-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட இளங்குழந்தைகளின் உயரமும் எடையும் பள்ளி நாட்களிலும் விடுமுறையிலும் அளக்கப்பட்டன. உயரத்தை மிஞ்சி எடை விரைந்து ஏறியது பள்ளி நாட்களில் அன்று, கோடை விடுமுறையிலேயாம்! சற்றே எண்ணினால் காரணம் விளங்கும். பள்ளி, பிள்ளைகளின் நாளுக்கு ஒரு வடிவம் தருகிறது. எழும் நேரம், உண்ணும் நேரம், விளையாடும் நேரம், உறங்கும் நேரம் ஆகிய யாவும் மணியோசைக்குக் கட்டுப்பட்டவை. விடுமுறையில் அம்மணி ஒலிப்பதில்லை. நள்ளிரவு வரை கைப்பேசித் திரையை நோக்கியிருந்து, வெயில் ஏறிய பின் எழுந்து, நினைத்தபொழுதெல்லாம் தின்பண்டம் கொறிக்கும் பிள்ளைக்கு ஓட வாய்ப்பு ஏது? மற்றொருபுறம், பள்ளிச் சோற்றையும் முட்டையையும் நம்பியிருந்த ஏழைப் பிள்ளைக்கு அவையும் விடுமுறையில் நின்றுபோகின்றன. ஒரே கோடை ஒரு பிள்ளையைப் பருக்கச் செய்கிறது. மற்றொரு பிள்ளையை மெலியச் செய்கிறது.

எடையைத் தனியே நோக்குவது பயனற்றது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை உடல்நிறைக் குறியீட்டெண் என்பர். வளர்ந்தோர்க்கு ஒரே அளவுகோல் போதும். பிள்ளைகளுக்கோ வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே அதனை மதிப்பிடல் வேண்டும். 140 செண்டிமீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உடைய பத்து வயதுச் சிறுவனின் குறியீட்டெண் ஏறக்குறைய 23 ஆகும். அவ்வயதிற்கு அது மிகையே. அவன் ஒரு கிலோவும் குறையாமல், இரண்டாண்டில் 150 செண்டிமீட்டர் உயரம் வளர்ந்தால் அவ்வெண் 20 ஆகிவிடும். வளரும் பிள்ளைக்கு அவன் உயரமே துணை செய்கிறது. இதனை அறியாது, பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயல்வது பேதைமையாகும்.

பட்டினியின்றி நாளுக்கு வடிவம் தரும் ஏற்பாடே கோடை முகாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைதோறும் மாவட்டங்களில் பயிற்சி முகாம்களை நடத்தி வருகிறது. தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இதற்குரிய இடமாகும். காலையில் வெயில் ஏறுமுன்னும் மாலையில் வெயில் தாழ்ந்த பின்னும் சிறுவர் சிறுமியர் ஓட்டம், தாண்டுதல், பந்தாட்டம் முதலியவற்றிற் பயிற்சி பெறுவர். 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமேனும் மூச்சு விரையுமாறு உடலை இயக்குதல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அறிவுரை. முகாமிற்குச் செல்லும் பிள்ளை அதனைக் காலைப்பொழுதிலேயே முடித்துவிடுகிறான். அதிகாலையில் எழ வேண்டியிருத்தலின் இரவில் உறக்கமும் தானே முந்தி வருகிறது.

ஆடிக் களைத்தவனுக்கு நாவறட்சி மிகும். அந்நேரத்தில் 300 மில்லிலிட்டர் இனிப்புக் குளிர்பானத்தைப் பருகினால் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உடலிற் சேரும். நீரும் மோரும், கோடைக்கென்றே காய்க்கும் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் இருக்கையில் அதனை நாடுவானேன்? வீட்டிற்கு வந்த உளுந்தும் பயறும் புரதம் மிக்கவை. வளரும் தசைக்கு ஏற்றவை. திருவையாற்று அசோகா அல்வாவை அறவே விலக்குக என்று எவரும் கூறார். அதுவும் பயற்றம்பருப்பிற் செய்ததுதானே! ஆயினும் நெய்யும் சர்க்கரையும் அளவின்றிச் சேர்ந்த பண்டம் திருநாளுக்கு உரியதேயன்றி நாள்தோறும் உண்பதற்கன்று.

மேலைநாடுகளில், எடை குறைப்பதற்கென்றே பிள்ளைகள் பல நாட்கள் தங்கும் முகாம்கள் உள்ளன. இங்கிலாந்தில் அத்தகைய முகாம் ஒன்றில் தங்கிய 185 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. சராசரியாக 29 நாட்கள் தங்கிய அவர்கள் சராசரியாக 6 கிலோ எடை குறைந்தனர். ஆட்டத் திறனும் தம்மைப் பற்றிய நன்மதிப்பும் அவர்களிடம் உயர்ந்தன. இவற்றுள் பின்னதே பெரிய பயன் எனலாம். பருத்த பிள்ளையைப் பலர் முன்னிலையில் எடைத் தட்டில் ஏற்றி நகைப்பது அவனை ஆடுகளத்திலிருந்தே விரட்டிவிடும்.

தஞ்சை முகாம் எடை குறைப்பதற்கென அமைந்ததன்று. பிள்ளைகள் அங்கே தங்குவதும் இல்லை. காலையிற் சென்றவன் வீட்டிற்கே வந்து உண்கிறான். ஆதலின் அவன் கற்றுவந்த பழக்கம் வீட்டாரையும் தொடுகிறது. ஆனால் முகாம் இரண்டு மூன்று கிழமைகளே நடைபெறும். விடுமுறையோ அதனினும் நீண்டது. சிற்றூர்ப் பிள்ளைகள் பலருக்கு நகரத்து அரங்கம் எட்டாத் தொலைவில் உள்ளது. அவர்களுக்கு ஆற்று மணல் இருக்கிறது. மணல் அள்ளிய குழிகளையும் ஆழம் அறியாக் குளங்களையும் விலக்கி, பெரியோர் ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டால், ஜூன் திங்களில் நீர் வந்து சேரும் வரை அம்மணற்பரப்பு முழுவதும் அவர்களுடையதே.