கூலி என்னும் அடைமொழி

ஊவாத் தோட்டங்கள் பற்றிய பழைய ஆங்கில ஆவணங்களைப் படிப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் 'கூலி' என்பதாகும். பதுளை, பசறை, நமுனுகுலைப் பகுதிகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்ட துரைமார் அதனைப் பெயராக மட்டுமன்றி அடைமொழியாகவும் கையாண்டனர். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும் 'இந்தியக் கூலிகள்' என்றே பேசிற்று. ஆங்கிலச் சொல்லின் மூலம் தமிழ்க் 'கூலி' என்பர் ஒரு சாரார். குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயர் என்பர் மறு சாரார். எவ்வாறாயினும், தமிழ் வழக்கோடு ஒப்புநோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது.

தமிழில் கூலி என்பது உழைப்புக்கு உரிய ஊதியம். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் முயற்சியின் பயனை இச்சொல்லாலேயே சுட்டுகிறார். உழைப்பவரைக் குறிக்கக் கூலியாள், கூலிக்காரன் என்றல்லவா கூறுவோம்? துரைமார் வழக்கில் அந்த 'ஆள்' உதிர்ந்துபோனான். தொழிலாளி பெறவேண்டிய ஒன்றே அவனுக்குப் பெயராயிற்று. பின்னர் அது லயத்தின் முன்னும் பிள்ளையின் முன்னும் ஒட்டிக்கொண்டது, மொழியையும் விட்டுவைக்கவில்லை. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் துரைமாருக்கென எழுதிய கைநூலின் தலைப்பே 'கூலித் தமிழ்' என்பதாகும். உண்மையில் அது திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளின் பேச்சுத் தமிழே. கொழும்பில் வெளியான மற்றொரு கைநூலின் பெயர் 'இங்கே வா'. 'வாருங்கள்' என்பது சின்னத்துரைக்குத் தேவைப்படவில்லை போலும்!

எனினும் பழி முழுவதையும் ஆங்கிலத்தின்மீது சுமத்திவிட நமக்கு உரிமையில்லை. 'தோட்டக்காட்டான்' என்பது தமிழர் தமிழிலேயே ஆக்கிய சொல். 'பட்டிக்காட்டான்' என்பதன் வார்ப்பில் அமைந்த இச்சொல், காட்டை வெட்டித் தோட்டமாக்கியவரையே காட்டுக்கு உரியவராக்கிவிடுகிறது. 'தோட்டக்காட்டு' என அடைமொழியாகும்போது பேச்சு, உடை, பழக்கம் அனைத்தையும் தாழ்த்துகிறது. 'கூலி' என்றவன் துரை. அவன் மேலிருந்து பேசினான். இதனைச் சொல்பவனோ தன்மொழி பேசும் அயலவன். அதனாற்றான் இது ஆழமாகத் தைக்கிறது.

மாற்று வழக்குக்குத் தொழிற்சங்கங்கள் துணைநின்றன. 1931இல் கோ. நடேசய்யர் அமைத்த சம்மேளனம் தன் பெயரிலேயே 'தோட்டத் தொழிலாளர்' என்பதை ஏற்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 'மலையகத் தமிழர்' என்ற பெயர் அதன் பின்னரே வலுப்பெற்றது. நிலத்தைச் சுட்டி உரிமை கோரும் பெயர் அது.

பதுளைக் கடைவீதியில் ஒருவர் தம்மைத் 'தோட்டத்து ஆள்' என்று கூறிக்கொள்ளலாம். கடைக்காரர் அவரைத் 'தோட்டக்காட்டான்' எனலாம். இரண்டும் சுட்டும் இடம் ஒன்றே, பொருள் ஒன்றன்று. ஈழத்து வழக்குகளுக்கு அகராதி செய்வோர் இவ்விரண்டையும் தனித்தனியே, யார் யாரை நோக்கிச் சொல்வது என்ற குறிப்போடு பதிவுசெய்தல் வேண்டும்.