44 ஓட்டங்களில் தொடங்கிய கேண்டர்பரி கதை

1935-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். நியூசிலாந்தின் கேண்டர்பரி வட்டாரத்தில் உள்ள கிறைஸ்ட்சர்ச் நகரின் லங்காஸ்டர் பார்க் திடல். நியூசிலாந்துப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்குகிறார்கள். சொந்தச் செலவில் கப்பலேறி வந்த இங்கிலாந்துப் பெண்கள் எதிரணி.

நியூசிலாந்து 44 ஓட்டங்களுக்குள் சுருண்டது. பதிலுக்கு இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 503 எடுத்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. அதில் பெட்டி ஸ்னோபால் என்ற ஒருவர் மட்டும் 189. இரண்டாவது இன்னிங்ஸில் நியூசிலாந்து 122. இன்னிங்ஸ் மற்றும் 337 ஓட்ட வித்தியாசத்தில் படுதோல்வி.

90 ஆண்டு பழைய கணக்கை இப்போது ஏன் புரட்டுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் நம் வீட்டுக் கணக்கு.

2025 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான டி20 உலகக் கிண்ணம் நம் மலேசியாவில் நடந்தது. கிள்ளான் பாயுமாஸ் திடலில் நம் பிள்ளைகள் இலங்கையிடம் 23 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார்கள். அடுத்து இந்தியாவிடம் 31. அன்று மாலை என் வானொலி நிகழ்ச்சிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பெரியவரின் குரல் பதிவு வந்தது. “ஏம்மா, நம்ம பிள்ளைங்களுக்கு இது தேவையா? பூப்பந்து இருக்கே, அது போதாதா?” கேலியாக அவர் கேட்கவில்லை, நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார். வானொலியில் பதில் சொல்ல அரை நிமிடம்தான் கிடைக்கும். இங்கே கொஞ்சம் விரிவாகப் பேசலாம்.

கேடயம் செய்த வேலை

அந்த 44-க்குப் பிறகு நியூசிலாந்துப் பெண்கள் அடுத்த டெஸ்ட் ஆட 13 ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1948-இல் ஆஸ்திரேலியா வந்தது. அதிலும் இன்னிங்ஸ் தோல்வி. முதல் டெஸ்ட் வெற்றி 1972-இல்தான், மெல்பர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கிடைத்தது. 44-இலிருந்து அந்த வெற்றிக்கு 37 ஆண்டுகள்!

இவ்வளவு காலம் ஒரு விளையாட்டு எப்படி உயிரோடு இருந்தது? வெளிநாட்டு அணிகள் வந்ததோ அத்திபூத்தாற்போல். இடைப்பட்ட காலத்தில் ஆட்டத்தைப் பிடித்து வைத்திருந்தது உள்ளூர்ப் போட்டி. அந்த முதல் டெஸ்ட் முடிந்த அடுத்த பருவத்திலேயே, 1935-36-இல், ஹாலிபர்ட்டன் ஜான்ஸ்டன் கேடயத்துக்கான போட்டி தொடங்கிவிட்டது. ஆக்லாந்து, வெலிங்டன், ஒட்டாகோ என்று வட்டார அணிகள் மோதிக்கொண்டன. நம் ஊரில் ஜொகூரும் சிலாங்கூரும் மோதுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேடயத்தை அதிக முறை வென்ற அணி, 44-க்குச் சுருண்ட அதே ஊரின் கேண்டர்பரி.

பதினாறு வயதில் ஒரு டெபி

டெபி ஹாக்லி 1962-இல் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்தவர். 16 வயதில், 1979-இல், நாட்டுக்காக டெஸ்ட் ஆடினார். அவர் தலைமுறைக்குக் கிரிக்கெட் சோறு போடும் தொழில் அல்ல. ஆனாலும் ஐந்து உலகக் கிண்ணப் போட்டிகளில் ஆடினார். ஒருநாள் ஆட்டங்களில் 4,000 ஓட்டங்களை எட்டிய முதல் பெண் அவர்தான்.

1993-இல் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் நியூசிலாந்து தோற்றது. 1997-இல் கொல்கத்தா ஈடன் கார்டனில் ஹாக்லி 79 ஓட்டங்கள் எடுத்தும் ஆஸ்திரேலியா கிண்ணத்தைக் கொண்டுபோனது. மூன்றாவது வாய்ப்பு 2000 டிசம்பரில், கிறைஸ்ட்சர்ச்சை ஒட்டிய லிங்கன் என்னும் சிற்றூரில் வந்தது. நியூசிலாந்து 184. ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் 91 எடுத்து மிரட்டினார். கடைசி ஓவரில் ஆஸ்திரேலியா 180-இல் அடங்கியது. 4 ஓட்டத்தில் உலகக் கிண்ணம்! ஹாக்லியோடு கேத்ரின் கேம்பல், ஹைடி டிஃபன் போன்ற கேண்டர்பரி பெண்களும் அந்த அணியில் இருந்தார்கள்.

2016-இல் ஹாக்லி நியூசிலாந்து கிரிக்கெட் அமைப்பின் தலைவரானார். 1894-இல் தொடங்கிய அமைப்புக்கு அவர்தான் முதல் பெண் தலைவர்.

தாய்மையும் சம்பளமும்

அடுத்த தலைமுறையில் கேண்டர்பரி தந்தவர் ஏமி சாட்டர்த்வெய்ட். 2016-17-இல் அடுத்தடுத்த நான்கு ஒருநாள் ஆட்டங்களில் சதம் அடித்தார். அதற்கு முன் அதைச் செய்திருந்தவர் இலங்கையின் குமார் சங்கக்கார மட்டுமே.

எனக்கு அந்தச் சதங்களைவிடப் பெரிதாகப் படுவது 2019-இல் நடந்தது. ஏமி கருவுற்றபோது வாரியம் அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. புதிதாக வந்த மகப்பேற்று விதியின் கீழ் முதலில் பயன்பெற்றவர் அவர். 2020 ஜனவரியில் மகள் பிறந்தாள். அதே ஆண்டில் நாட்டுக்காக மீண்டும் களமிறங்கினார். கல்யாணத்தோடு காலணியைக் கழற்றி வைத்த எத்தனை அக்காமார்களை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம்!

2022 ஜூலையில் அடுத்த படி. ஆணும் பெண்ணும் ஆடும் எல்லா வகை ஆட்டங்களுக்கும், வட்டார ஆட்டங்கள் உட்பட, ஒரே ஆட்டச் சம்பளம் என்று ஒப்பந்தமானது. வட்டார ஒருநாள் ஆட்டத்துக்கு 800 நியூசிலாந்து டாலர், டி20-க்கு 575. யாராக இருந்தாலும் அதே தொகை. ஒவ்வொரு வட்டாரப் பெண்கள் அணியிலும் ஒப்பந்த இடங்கள் 9-இலிருந்து 12 ஆயின. ஆண்கள் அதிக ஆட்டங்கள் ஆடுவதால் ஆண்டு வருமானத்தில் இடைவெளி இன்னும் உண்டு. ஆனால் ஒரு நாள் உழைப்புக்கு ஒரே கூலி என்பது சிறிய விஷயமா?

44 எடுத்த அந்த லங்காஸ்டர் பார்க்கின் பழைய அரங்கம் இன்று இல்லை. 2011 பிப்ரவரியில் 185 உயிர்களைப் பறித்த நிலநடுக்கத்தில் சேதமடைந்து, பின்னர் இடிக்கப்பட்டது. கிரிக்கெட் ஹேக்லி ஓவலுக்கு இடம் மாறியது. 2022 ஏப்ரலில் பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டம் அங்கேதான் நடந்தது.

நம் பிள்ளைகளுக்கு

குரல் பதிவு அனுப்பிய ஐயாவுக்கு இரண்டு செய்திகள். நம் அணி 23, 31 என்று எடுத்துவிட்டு மூன்றாவது ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 59 எடுத்தது. தோல்விதான், ஆனால் ஏறுமுகம். அதே போட்டியில், கூச்சிங்கில், முதன்முறையாகக் கலந்துகொண்ட நைஜீரியா 2 ஓட்டத்தில் வென்றது. யாரை? இத்தனை வரலாறு கொண்ட நியூசிலாந்தை!

ஒருமுறை உலகப் போட்டியை நடத்தியதோடு வேலை முடிந்துவிடாது. மாநிலங்களுக்கிடையிலான பெண்கள் ஆட்டம் ஆண்டு தவறாமல் நடக்க வேண்டும். பார்க்க 20 பேர் வந்தாலும் நடக்க வேண்டும். கேண்டர்பரியில் கேடயம் அப்படித்தான் ஒரு ஹாக்லியை உருவாக்கியது. அடுத்த முறை உங்கள் மாநிலப் பிள்ளைகள் ஆடும்போது, வீட்டில் உள்ள பெண்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போய் வாருங்கள். அவளுக்கும் ஒரு மட்டையைப் பிடித்துப் பார்க்கத் தோன்றலாம்.