சிக்ஸ் பேக் ஓகே... முதுகைக் காப்பாத்துற தசை எது தெரியுமா?

வாசலில் 20 லிட்டர் தண்ணி கேன். குனிஞ்சு ஒரே மூச்சில் தூக்குறீங்க. 'சுரீர்'னு இடுப்பில் ஒரு பிடிப்பு! 'தினமும் ஜிம்ல கிரஞ்சஸ் பண்றேனே, எனக்கா இப்படி?'ன்னு தோணும். வயிறுன்னா சிக்ஸ் பேக் மட்டும் இல்லை பாஸ். வயிற்றுச் சுவரில் நான்கு ஜோடி முக்கியத் தசைகள் இருக்கு.

கண்ணாடியில் தெரிவது

ரெக்டஸ் அப்டாமினிஸ். இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் தொடங்கி விலா எலும்புகள் வரை போகும் இரண்டு நீளப் பட்டைகள். படுக்கையிலிருந்து எழும்போது உடம்பை முன்னால் வளைப்பது இதுதான். குறுக்கே ஓடும் தசைநார்கள் இதைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. சிலருக்கு நாலு கட்டம், சிலருக்கு எட்டு. அது பிறவி அமைப்பு, உடற்பயிற்சியால் மாறாது. மேலே கொழுப்பு மூடியிருந்தால் கட்டம் தெரியாது. கிரஞ்சஸ் தசையை வலுவாக்கும். அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்காது.

திரும்ப உதவுவது

இரு பக்கமும் வெளிச் சாய்வுத் தசை, அதற்கு அடியில் உள் சாய்வுத் தசை. நீங்க வலப்பக்கம் திரும்பினால், வலது உள் தசையும் இடது வெளித் தசையும் சேர்ந்து வேலை செய்யும்.

ஒளிந்திருக்கும் பெல்ட்

எல்லாவற்றுக்கும் அடியில் டிரான்ஸ்வர்சஸ் அப்டாமினிஸ். இடுப்பைச் சுற்றி பெல்ட் போட்ட மாதிரி குறுக்காக ஓடி, பின்பக்கம் முதுகின் சவ்வோடு இணையும். இது மற்ற தசைகளோடு சேர்ந்து இறுகும்போது, மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள் துணையோடு வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். காற்றடைத்த பந்து போல அது முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கும். இருமல், தும்மல், பிரசவம் எல்லாத்துக்கும் இந்த அழுத்தம்தான் துணை.

அப்போ கேனை எப்படித் தூக்குறது?

உடம்போடு ஒட்டி வெச்சுக்கோங்க. முழங்காலை மடக்குங்க. யாரோ வயித்துல குத்த வர்ற மாதிரி நினைச்சு லேசா இறுக்குங்க. அப்புறம் தூக்குங்க. தூக்கிக்கிட்டே இடுப்பைத் திருப்பாதீங்க. காலை நகர்த்தித் திரும்புங்க. தினமும் பிளாங்க் பண்ணலாம். முதல்ல 10 விநாடி போதும், மெதுவா கூட்டிக்கலாம்.

இருமும்போது வயிற்றிலோ தொடை இடுக்கிலோ புடைப்பு தெரிஞ்சாலோ, வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, பயிற்சியை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

சிக்ஸ் பேக் போட்டோவுக்கு அழகு. ஆனா, நாளைக்கும் கேன் வருமே... அதுக்கு உள்ளே இருக்கும் பெல்ட்டும் வேணும்!