ஒளிந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் வேர்

நலமாக நடமாடும் ஒருவரைப் படுக்கவைத்து, நரம்பு வழியே ஒரு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். மருத்துவர் ஈசிஜி திரையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. சில நிமிடங்களில், அதுவரை ஒழுங்காக ஓடிய கோடு மேலெழுந்து வளைந்து சரிகிறது. அவர் இதயத்தில் பிருகாடா என்ற துடிப்பு நோய் பதுங்கியிருந்தது அப்போதுதான் தெரியவருகிறது. அந்த மருந்து அஜ்மலின். சர்ப்பகந்தா செடியின் வேரில் கிடைத்தது.

பாம்புக்கடிக்கும் மனக்கலக்கத்துக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த வேர் அது. 1931இல் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி டெல்லியில் அதிலிருந்து இந்த ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். தம்மை ஊக்குவித்து, 1927இல் மறைந்த யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரை அதற்குச் சூட்டினார்.

இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியம் நுழைவதற்கென வாயில்கள் உண்டு. துடிப்புக்கான மின்தூண்டல் வந்ததும் அவை திறக்கும். சோடியம் அயனிகள் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல்தான் தூண்டலைச் செல்லுக்குச் செல் கடத்துகிறது. அஜ்மலின் இந்த வாயில்களை அடைக்கிறது. பாய்ச்சல் தளர, தூண்டல் மெதுவாகப் பரவுகிறது. ஒரே வட்டத்தில் ஓயாமல் சுற்றி இதயத்தைப் படபடக்கவைக்கும் தூண்டல் இப்படித் தளரும்போது அணைந்துபோகலாம். துடிப்புக் கோளாறுக்கு இது மருந்தானது அதனால்தான்.

பெத்ரோ, ஜோசப் என்ற பிருகாடா சகோதரர்கள் 1992இல் விவரித்த நோயில், ஒரு பகுதியினருக்கு இந்த வாயில்களை உருவாக்கும் மரபணுவிலேயே பழுது. சாதாரண நாளில் ஈசிஜி அதைக் காட்டாமல் போகலாம்; தூக்கத்திலேயே உயிர் போகவும் கூடும். முன்பே நலிந்த வாயில்களை அஜ்மலின் மேலும் அடைக்கும்போது, மறைந்திருந்த குறை கோட்டில் வெளிப்படுகிறது.

மருந்தின் வீரியம் விரைவில் தணிந்துவிடும் என்பது இச்சோதனைக்குப் பெரும் துணை. ஆனால், துடிப்பைச் சீராக்கும் அதே அடைப்பு அளவு மீறினால் துடிப்பைக் குலைத்துவிடும். எனவே உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில், மின்னதிர்ச்சிக் கருவியை அருகில் வைத்துக்கொண்டே மருத்துவமனையில் இதைச் செய்கிறார்கள். வேரை வீட்டில் அரைத்துக் குடிப்பது இதற்கு மாற்றாகாது. ஏனெனில், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ரெசர்பின் என்ற பொருளும் அதே வேரில் இருக்கிறது.

இளவயதில் காரணம் தெரியாமல் ஒருவர் தூக்கத்தில் இறந்த வீட்டில், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இறந்தவரால் சொல்ல முடியாமல் போன காரணத்தை, இருப்பவரின் இதயத்திடம் கேட்டறிய இந்த வேர் வழி தந்திருக்கிறது.