சாம்பல் நிறம் ஏன் பச்சையாகிறது?

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. நம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது தாத்தா சொன்ன கதை. கண்ணால் பார்க்க மீதி இருப்பவை கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம். சில, வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றன. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கு பற்றி எழுதிய நூலில் சில உள்ளன. இவற்றைத் திரட்டி, பள்ளியிலுள்ள சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம். (ஆல்பத்தைப் பள்ளியில் வைத்துக்கொள்ள வேண்டாம், ஸ்கேன் செய்து அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.)

சிக்கல் அச்சில்தான் வரும். பத்துப் படங்களைப் பல நாட்களில் எடுத்தால், ஒன்று பச்சை பூத்திருக்கும், இன்னொன்று இளஞ்சிவப்பாக, மற்றொன்று நீலமாக இருக்கும். வரிசையாக மாட்டினால், "இதெல்லாம் வேற வேற காலத்துப் படமா சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிரிண்டர் கொடுத்த நிறத்தை அவர்கள் வரலாறாகப் படிக்கிறார்கள். அதனால்தான் இதைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

காரணம் எளிது. அச்சான சாம்பல் நிறப் பகுதியை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே சாம்பல் என்று ஒரு மை இருக்காது. நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் கறுப்போடு கலந்து கிடக்கும். மூன்றும் சரியான அளவில் விழுந்தால்தான் நம் கண் அதைச் சாம்பல் என்று ஏற்கும். ஒன்று சற்றுக் குறைந்தாலும் நிறம் சாய்ந்துவிடும். வண்ணப் படத்தில் இது தெரியாது, கறுப்பு வெள்ளையில் ஒளிக்க இடமில்லை. அறிவியல் வகுப்பில் நிறக் கலவை நடத்தும் நாளில் இந்தப் புள்ளிகளைக் காட்டுங்கள், படம் வரைந்து விளக்குவதைவிட நன்றாகப் பதியும்.

'கறுப்பு மை மட்டும் போதுமே' என்று தோன்றும். சாதாரணத் தாள், கிரேஸ்கேல் என்று தேர்ந்தெடுத்தால் பல பிரிண்டர்கள் அப்படித்தான் அச்சிடும். நிறம் சாயாது; ஆனால் வானம், கடல் போன்ற வெளிர் பகுதிகளில் புள்ளிகள் மணல் தூவியதுபோல் தெரியும். தள்ளி நின்று பார்க்கும் பெரிய படத்துக்கு அது போதும். முகம் தெரிய வேண்டிய படத்துக்குப் போதாது.

அதற்கு ஒரு சோதனைப் பட்டை தேவை. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 10 விழுக்காடு இடைவெளியில் 11 கட்டங்கள் வரைந்து, படம் அச்சிடப்போகும் அதே தாளில் அச்சிடுங்கள். அதற்குமுன் நாசில் செக் கட்டாயம். ஒரு துளை அடைத்திருந்தாலும் மற்ற உழைப்பெல்லாம் வீண். பட்டையை ஒரு நாள் உலர விடுங்கள். ஈரத்தில் இருக்கும் நிறம் வேறு, காய்ந்தபின் வேறு. பிறகு, படம் மாட்டப்போகும் சுவரருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சரியாக இருப்பது டியூப் லைட்டின் கீழ் பச்சையாகத் தெரியலாம். பச்சை சாய்ந்தால் பிரிண்டர் அமைப்பில் கருஞ்சிவப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள், இளஞ்சிவப்பானால் குறையுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொரு பட்டையின் பின்னாலும் தாளின் பெயர், அமைப்பு, தேதி மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

சரியான பட்டை கிடைத்ததும் எல்லாப் படங்களையும் ஒரே அமர்வில், ஒரே கட்டுத் தாளில் அச்சிட்டுவிடுவது நல்லது. இடையில் வேறு நிறுவன மை ஊற்றினால் மறுபடி பட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்கேன் செய்த பழைய படத்தில் தாளின் மஞ்சளும் சேர்ந்து வரும். அச்சிடுமுன் கிரேஸ்கேலாக மாற்றினால் அது போய்விடும்.

நம் ஊர்க் கடற்காற்று தனிக் கதை. பிரித்த போட்டோ பேப்பர் ஈரம் இழுத்துக்கொள்ளும், மை பரவும். மீதித் தாளைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள். விடுமுறையிலும் வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிட்டால் துளை அடைக்காது.

வெயில் படும் சுவரில் இந்தப் பிரிண்டுகள் சீக்கிரம் வெளிறிவிடும். ஸ்கேன் கோப்புகளை இரண்டு இடங்களில் சேமித்து, பென்சில் குறிப்புள்ள பட்டையைப் பிரிண்டர் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டால், உங்களுக்குப் பின் வரும் ஆசிரியரும் அதே நிறத்தில் எடுத்துக்கொள்ளலாம்.