சுவருக்குப் போட்ட ஊசி

உடல் எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவரிடம், "வலி குறைய வயிற்றில் நரம்புத் தடை ஊசி ஒன்று போடுவோம்" என்று மயக்க மருத்துவர் சொல்வதுண்டு. முழு மயக்கம்தான் கொடுக்கப் போகிறார்களே, இது எதற்கு? டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

அறுவை முடிந்ததும் மயக்கம் தெளிந்துவிடும். வலி அப்போதுதான் ஆரம்பிக்கும். மார்ஃபின் போன்ற மருந்துகள் அதை அடக்கும், கூடவே மூச்சையும் மந்தமாக்கும். பருமனானவர்களில் பலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு விட்டுவிட்டு வரும் தொல்லை ஏற்கெனவே இருக்கும். மார்ஃபின் குமட்டலையும் கொண்டுவரும். புதிதாகத் தைத்த இரைப்பையோடு ஓங்கரிப்பது பெரிய வேதனை. அதனால்தான் மார்ஃபினின் தேவையைக் குறைக்க இந்த ஊசி.

வாழைத்தண்டை உரித்தால் பட்டைக்குள் பட்டையாக வருமல்லவா? நம் வயிற்றின் பக்கச் சுவரும் அப்படித்தான், மூன்று அடுக்குத் தசை. உள்ளே இருக்கும் இரண்டு அடுக்குகளுக்கு இடையில் சுவரின் நரம்புகள் ஓடுகின்றன. அந்த இடுக்கில் மருந்தைப் பரப்பலாம் என்று 2001இல் ரஃபி என்ற மருத்துவர் எழுதினார். அப்போது ஊசி தசையுறையைத் துளைப்பதைக் கையால் உணர்ந்துதான் போட்டார்கள். இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துப் போடுகிறார்கள். கொழுப்பு தடிமனாக இருந்தால் படம் மங்கும்; அப்போது அறுவை மருத்துவரே, அறுவைக்காகச் சுவரில் போட்ட சிறு துளை வழியே உள்ளே விட்ட கேமராவில் பார்த்துக்கொண்டு போடுவதும் உண்டு.

மருந்து புதியதல்ல. பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதே வகைதான். இங்கே பெரும்பாலும் புப்பிவகெய்ன் அல்லது ரோப்பிவகெய்ன். நரம்பில் சோடியம் நுழையும் நுண்ணிய கதவுகளை அது பல மணி நேரம் அடைத்து வைக்கிறது. கதவு திறக்காவிட்டால் செய்தி நகராது.

இப்போது, பலரும் தவறாக எண்ணும் இடத்துக்கு வருவோம். மயக்கம் தெளிந்ததும், "ஊசி போட்டும் உள்ளே பிசைகிறதே, பலிக்கவில்லை போலிருக்கிறது" என்கிறார்கள். ஊசி போட்டது சுவருக்கு, வலிப்பது வீட்டுக்குள். தோல், தசை, சுவரின் உள்பூச்சு போன்ற மெல்லிய சவ்வு, இவற்றில் போட்ட துளைகளின் வலியை ஊசி தடுக்கிறது. இரைப்பையின் உணர்வு வேறு கம்பிகளில் போகிறது. அவற்றை இந்த ஊசி தொடுவதே இல்லை.

தோள்பட்டை வலி இன்னும் விசித்திரம். அறுவையின்போது வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. தோளின் உணர்வும் கழுத்து வழியாகவே போகிறது. மூளை இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. வாயு கரையக் கரைய அது போய்விடும்.

ஆகவே ஊசியோடு பாராசிட்டமால் போன்றவற்றையும் நேரம் தவறாமல் கொடுப்பார்கள். ஊசி பலித்தால் பெரிய பலன், இருமவும் எழுந்து நடக்கவும் முடிவது. சீக்கிரம் நடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும்.

மருந்தின் வேகம் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். அப்போது சகித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். வலி துளையிலா, உள்ளேயா, தோளிலா என்று பிரித்துச் சொல்லுங்கள். உள்வலி ஏறிக்கொண்டே போய், நெஞ்சும் படபடவென்று அடித்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.