பெரிய இன்ஜெக்டர் போட்டா வண்டி நல்லா இழுக்குமா? ரெக்கவரி, லோடு வண்டிக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமேஸ்வரம் செல்லும் சாலையில் தினமும் ஏராளமான வாகனங்கள் ஓடுகின்றன. பிள்ளையார்பட்டிக்கு வரும் கார்கள் தனி. வழியில் ஒரு கார் நின்றுவிட்டால் அதை ஏற்றிவர ரெக்கவரி வண்டிதான் வர வேண்டும். அந்த வண்டியே 'இழுக்க மாட்டேங்குது' என்றால் அன்றைய வருமானம் போச்சு. ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றும் பிக்கப், டிரெய்லர் இழுக்கும் டிராக்டர் என எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அப்போது பட்டறையில் அடிக்கடி வரும் யோசனை, "பெரிய நாஸில் போட்டுடலாம்ணே, பறக்கும்". உண்மையிலேயே பறக்குமா? பார்க்கலாம்.

இன்ஜெக்டர் என்ன செய்கிறது?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட சூடான காற்றில் டீசலைப் பனிபோலத் தெளித்தால் அதுவே பற்றிக்கொள்ளும். தெளிக்கும் வேலைதான் இன்ஜெக்டருக்கு. அதன் நுனியில் உள்ள நாஸில் துளைகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இப்போதைய காமன் ரெயில் இன்ஜின்களில் டீசலின் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்தான். அதனால் இன்ஜின் ஓடும்போது கசியும் டீசல் பைப்பில் கை வைக்கவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பெரிய நாஸில் போட்டால் என்ன ஆகும்?

காமன் ரெயில் வண்டியில் 20 சதவீதம் கூடுதலாகத் தெளிக்கும் நாஸில் போட்டால், அதே நேரத்தில் 20 சதவீதம் கூடுதல் டீசல் உள்ளே போகும். ஆனால் காற்று? 1 கிலோ டீசல் முழுசா எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் புகை வராமல் ஓட அதைவிடவும் அதிகம் தேவை. டர்போ பழையதாகவே இருந்தால் கூடுதல் காற்று வராது. எரியாத டீசல் கறுப்புப் புகையாக வெளியே போகும். மைலேஜும் குறையும்.

அதைவிடப் பெரிய ஆபத்து சூடு. காலியாக ஓடும் வண்டி எப்போதாவதுதான் முழு பவரில் ஓடும். பின்னால் ஒரு காரை ஏற்றிக்கொண்டு மே மாத வெயிலில் போகும் வண்டி மணிக்கணக்கில் அப்படி ஓடும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எரியும் சூடு அதைவிடப் பல மடங்கு. சரியான அளவில் சரியான இடத்தில் தெளிப்பதால்தான் பிஸ்டன் தப்பிக்கிறது. அளவு மீறினால் பிஸ்டன், டர்போ, கிளச் என வரிசையாகச் செலவு வரும்.

பழைய டாடா 407 மாதிரி மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் எவ்வளவு டீசல் என்பதை முடிவு செய்வது பம்ப்தான். நாஸிலை மட்டும் மாற்றினால் தெளிப்புதான் கெடும்.

அமெரிக்காவில் போடுறாங்களே?

போடுகிறார்கள். ஆனால் நாஸில் மட்டும் இல்லை. பெரிய டர்போ, பம்ப், கிளச், புது புரோகிராம், புகைக்குழாய் சூட்டைக் காட்டும் மீட்டர் என எல்லாம் சேர்த்து மாற்றுகிறார்கள். இன்ஜினும் 6 லிட்டருக்கு மேல். நம்ம ஊர் பிக்கப்பில் இருப்பது 2.5 லிட்டர். அதற்கான ரேடியேட்டரும் பிரேக்கும் அந்த எடைக்காகச் செய்தவை. இன்ஜின் பவர் கூடினாலும் பிரேக் பவர் கூடாது.

இழுவை குறைந்தால் முதலில் எதைப் பார்க்கணும்?

* ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் அடைப்பு. ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும்
* டர்போ ஹோஸில் விரிசல், கிளாம்ப் தளர்வு
* கிளச் வழுக்கல், பிரேக் பிடித்தபடி இருப்பது
* இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட்: ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்தால், தேய்ந்துபோனது மட்டும் அதிகம் காட்டும்

இவ்வளவும் பார்த்தபிறகுதான் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும்.

புதுசா, ரீகண்டிஷனா, டூப்ளிகேட்டா?

இழுவை வண்டிக்குச் சிறந்தது, கம்பெனி கொடுத்த அதே பார்ட் நம்பர் உள்ள புது இன்ஜெக்டர். கட்டுப்படியாகவில்லை என்றால் ரீகண்டிஷன் செய்யலாம். ஆனால் டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் சர்வீஸ் கடையில்தான். ஐடில், முழு லோடு, ரிட்டர்ன் லீக் ஆகிய அளவுகள் உள்ள ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க. ஒன்று கெட்டால் மற்றவற்றையும் டெஸ்ட் செய்யணும். அளவுக்குள் இருந்தால் மாற்றத் தேவையில்லை. பாதி விலைக்குப் புது பாக்ஸில் வரும் டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம்.

பல காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோடு இருக்கும். மாட்டியதும் ஸ்கேனர் வைத்து அதை வண்டியின் இ.சி.யு.வில் ஏற்ற வேண்டும். இதை விட்டால் புது இன்ஜெக்டரும் மிஸ்ஸிங் அடிக்கலாம். அடியில் போடும் செம்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதுசாக இருக்கணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என 2019 திருத்தம் சொல்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படி தயாரான வண்டிகளில் புகையை வடிகட்டும் ஃபில்டர் இருந்தால், கூடுதல் கரி அதை அடைத்துவிடும். வாரண்டியும் கேள்விக்குறிதான்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் வண்டி திணறினால், ஏற்றும் எடை அந்த வண்டிக்கு அதிகம் என்று அர்த்தம். அப்போது யோசிக்க வேண்டியது பெரிய நாஸில் பற்றி அல்ல, பெரிய வண்டி பற்றி.